குரங்குக் காய்ச்சல்: காட்டோரம் வசிப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

முதுமலை, பந்திப்பூர், வயநாடு என மூன்று மாநிலக் காடுகளும் ஒட்டிக் கிடக்கும் பகுதி எங்களுடையது. எங்கேயோ ஒரு குரங்கு செத்துக் கிடந்ததாகச் செய்தி வந்தால் போதும், டீக்கடையிலிருந்து பள்ளிக்கூட வாசல் வரைக்கும் ஒரே கேள்விகள்தான். பாதிப் பேருக்குத் தேவையில்லாத பயம், மீதிப் பேருக்கு இருக்கவேண்டிய பயம்கூட இல்லை. அதனால் கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை எடுத்து, தெரிந்த பதில்களோடு இங்கே சேர்த்திருக்கிறேன். காய்ச்சலோடு இதைப் படிப்பவர்கள் முதலில் மருத்துவமனைக்குப் போங்கள், மீதியை அப்புறம் படிக்கலாம்.

குரங்குக் காய்ச்சல்னா என்னங்க? குரங்குக்கு வர்ற நோயா, மனுஷனுக்கு வர்ற நோயா?

இரண்டு பேருக்கும் வரும். மருத்துவர்கள் இதைக் கியாசனூர் காட்டு நோய், சுருக்கமாக கேஎஃப்டி என்பார்கள். இது ஒரு வைரஸ் நோய். டெங்கு வைரஸும் மஞ்சள் காய்ச்சல் வைரஸும் சேர்ந்த அதே ஃபிளேவி வைரஸ் குடும்பம்தான். டெங்குவைக் கொசு பரப்புகிறது, இதைக் காட்டு உண்ணி பரப்புகிறது. மனிதர்களில் நோய் வந்தவர்களில் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பேர் வரை இறக்கிறார்கள்.

குரங்கின் பெயர் இதில் ஒட்டிக்கொண்டதற்குக் காரணம், மனிதர்களுக்குக் காய்ச்சல் வருவதற்கு முன்னால் பெரும்பாலும் காட்டில் குரங்குகள் சாவதுதான். நீண்ட வாலுள்ள சாம்பல் மந்தியும், ஊருக்குள் வந்து தேங்காய் பறிக்கும் நாட்டுக் குரங்கும் இந்த வைரஸைத் தாங்குவதில்லை. இரண்டில் மந்தி இன்னும் சீக்கிரம் விழுந்துவிடும்.

குரங்கு கடிச்சா, கீறினா இந்தக் காய்ச்சல் வருமா?

கடியாலும் கீறலாலும் இது வருவதாக அறியப்படவில்லை. குரங்கின் உடம்பில் இருக்கும் உண்ணி உங்கள்மேல் ஏறிக் கடித்தால் ஆபத்து. நோயுற்ற குரங்கையோ, இப்போதுதான் செத்த குரங்கையோ தொட்டுத் தூக்கினாலும் ஆபத்து.

ஆனால் குரங்கு கடித்தால் சும்மா இருந்துவிடாதீர்கள். அதில் வெறிநாய்க்கடி நோய் வர வாய்ப்பு உண்டு. சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ளுங்கள்.

டிவியில சொன்னாங்களே குரங்கம்மை, அதுதானே இது?

இல்லை. குரங்கம்மை வேறு வைரஸ், வேறு குடும்பம். அது நெருங்கிய தொடர்பால் மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவும், உடம்பில் கொப்புளங்கள் வரும். குரங்குக் காய்ச்சலில் அம்மைக் கொப்புளம் கிடையாது, உண்ணி இல்லாமல் ஊருக்குள் பரவுவதும் கிடையாது.

இது எங்கே ஆரம்பிச்சது? வெளிநாட்டுல இருந்து வந்ததா?

1957ஆம் ஆண்டு, அன்றைய மைசூர் மாநிலத்தில், சிவமொக்கா மாவட்டம் சொரபா வட்டத்திலுள்ள கியாசனூர் காட்டில் குரங்குகள் கொத்துக் கொத்தாகச் செத்தன. சுற்றியிருந்த ஊர்களில் மனிதர்களுக்கும் கடுமையான காய்ச்சல் வந்தது. புனேயில் இருந்த வைரஸ் ஆராய்ச்சி மையத்துக்கு (இன்றைய தேசிய வைராலஜி நிறுவனம்) தகவல் போனதும் ஒரு பெரும் பயம் கிளம்பியது: தென்னமெரிக்காவில் குரங்குகளைக் கொல்லும் மஞ்சள் காய்ச்சல் கடைசியில் இந்தியாவுக்கு வந்துவிட்டதா? அதைப் பரப்பக்கூடிய கொசு நம்மிடம் ஏராளமாக இருந்தது, நோய் மட்டும்தான் வந்ததில்லை. டெல்ஃபோர்டு வொர்க் தலைமையிலான அந்த மையத்தின் குழு செத்த குரங்கிலிருந்து வைரஸைப் பிரித்துப் பார்த்தபோது அது மஞ்சள் காய்ச்சல் இல்லை என்று தெரிந்தது. ரஷ்யாவில் உண்ணிகள் பரப்பும் மூளைக்காய்ச்சல் வைரஸுக்கு நெருங்கிய உறவாக இருந்தது.

ரஷ்ய உறவு தெரிந்ததும், வலசை வரும் பறவைகள் உண்ணியைச் சுமந்து வந்திருக்குமோ என்ற சந்தேகம் எழுந்தது. பறவையியலாளர் சலீம் அலியின் தலைமையில் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கம் பெரிய அளவில் பறவைகளுக்குக் கால்வளையம் இடும் பணியைத் தொடங்கியதற்கு இந்தச் சந்தேகமும் ஒரு காரணம். பறவைகள்தான் கொண்டு வந்தன என்பதற்கு உறுதியான சான்று எதுவும் கிடைக்கவில்லை.

அது கர்நாடகா கதை. நம்ம தமிழ்நாட்டுல இருக்கா?

நீலகிரியில் இருக்கிறது. 2012 கடைசியில் பந்திப்பூர் பக்கம் குரங்குகள் சாகத் தொடங்கின. அவற்றை அறுத்துப் பரிசோதிக்கவும் எரிக்கவும் போனவர்களில் சிலருக்கே காய்ச்சல் வந்தது. அதே பருவத்தில் முதுமலைப் பக்கமும் வயநாட்டிலும் செத்த குரங்குகளில் வைரஸ் உறுதியானது. 2015இல் வயநாட்டில் நூற்றுக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டார்கள், உயிரிழப்புகளும் இருந்தன. அதே காலத்தில் கோவாவின் சத்தரி வட்டத்திலும், 2016இல் மகாராஷ்டிரத்தின் சிந்துதுர்க் மாவட்டத்திலும் வந்தது.

ஐம்பது வருடமாகச் சிவமொக்காவையும் அதை ஒட்டிய மாவட்டங்களையும் மட்டும் சுற்றிக்கொண்டிருந்த நோய், இன்று மேற்குத் தொடர்ச்சி மலையின் ஐந்து மாநிலங்களில் இருக்கிறது. மசினகுடியில் மேயும் மாட்டுக்கும் முதுமலைக் குரங்குக்கும் மாநில எல்லை தெரியாது. அந்தப் பக்கம் பந்திப்பூரில் நோய் என்று கேள்விப்பட்டால் இந்தப் பக்கமும் கவனமாக இருக்கவேண்டியதுதான்.

ஏன் எப்பவும் பனிக்காலம் முடிஞ்சு வெயில் காலத்துலயே வருது?

உண்ணியின் வாழ்க்கை அப்படி. இந்த நோயைப் பரப்புவதில் முதன்மையானது ஹீமாஃபைசாலிஸ் ஸ்பினிஜெரா என்ற காட்டு உண்ணி. அது தன் வாழ்நாளில் மூன்று முறைதான் ரத்தம் குடிக்கும், மூன்றும் மூன்று வேறு உயிர்களிடம். மழை ஓய்ந்தபின் ஆறு காலோடு மிகச் சிறிய குஞ்சு வெளிவரும். அது எலி, அணில், தரையில் திரியும் பறவை, குரங்கு என எது கிடைக்கிறதோ அதன்மேல் ஏறிக் குடித்துவிட்டு உதிர்ந்துவிடும். தோலுரித்து எட்டுக் காலோடு இரண்டாம் பருவத்துக்கு வரும். இந்த இளம் உண்ணிதான் மனிதனைக் கடிப்பது. நவம்பர், டிசம்பர் தொடங்கி மே வரைக்கும் சருகிலும் புல்லிலும் அதுதான் நிறைந்திருக்கும். ஜனவரி முதல் ஏப்ரல் வரை நோயும் உச்சத்தில் இருக்கும்.

தென்மேற்குப் பருவமழை பிடித்ததும் அவை பெரிய உண்ணியாகிவிடும். அப்போது அவற்றுக்கு மாடும் மற்ற பெரிய விலங்குகளும்தான் வேண்டும், நம்மை அவ்வளவாகத் தேடுவதில்லை. ஆகவே ஜூன், ஜூலையில் புது நோயாளிகள் வருவது குறைந்துவிடும்.

இதில் நாம் கவனிக்கவேண்டியது, காட்டு வேலையும் இதே மாதங்களில்தான் என்பது. விறகு, சீமாறுப் புல், சருகு எல்லாம் காய்ந்திருக்கும்போதுதானே போவோம்? பள்ளத்தாக்குப் பக்கம் பாக்குத் தோட்டங்களிலும் அப்போது ஆள் நடமாட்டம் அதிகம். கடிக்கும் உண்ணியும் கடிபடும் ஆளும் ஒரே நேரத்தில் அங்கே இருக்கிறார்கள்.

உண்ணின்னா மாட்டு மேல இருக்கிற பெரிய உண்ணிதானே? அது கடிச்சா தெரியாம போகுமா?

மாட்டின் மடியில் கொட்டைப்பாக்கு மாதிரி தொங்குகிறதே, அது ரத்தம் குடித்து முடித்த பெண் உண்ணி. நம்மைக் கடிப்பது குண்டூசித் தலை அளவுகூட இருக்காது. ஆராய்ச்சிக்காரர்கள் காட்டில் வெள்ளைத் துணி ஒன்றைச் சருகின்மேல் மெதுவாக இழுத்துப் போவார்கள். பத்துப் பதினைந்து அடி இழுத்துவிட்டுத் துணியைத் திருப்பினால், முதலில் மண்துகள் ஒட்டியிருப்பது போலத்தான் தெரியும். கொஞ்ச நேரம் கண்ணை எடுக்காமல் பார்த்தால் அந்தத் துகள்களில் சில மேல்நோக்கி நடக்க ஆரம்பிக்கும். அதுதான் அது.

உண்ணி பறக்காது, குதிக்காது. புல் நுனியிலோ இலை ஓரத்திலோ ஏறி, முன்னங்கால்களை நீட்டிக்கொண்டு காத்திருக்கும். ஏதாவது உரசிக்கொண்டு போனால் பற்றிக்கொள்ளும். அப்புறம் உடம்பில் மெல்லிய தோல் தேடி ஊர்ந்து போகும்: முழங்கால் மடிப்பு, இடுப்பு நாடா இறுகும் இடம், அக்குள், காதின் பின்புறம், குழந்தைகளுக்குத் தலைமுடி ஓரம். கடிக்கும்போது வலி பெரும்பாலும் தெரியாது.

குரங்கு செத்துப்போச்சுன்னா வைரஸும் செத்துப்போயிடுமே, அப்புறம் ஏன் பயம்?

குரங்கு செத்தபிறகுதான் அந்த இடம் அதிக ஆபத்தாகிறது. உயிரோடு இருக்கும்போது அதன் உடம்பில் நிறைய உண்ணிகள் ரத்தம் குடித்துக்கொண்டிருக்கும். நோய் முற்றிய குரங்கின் ரத்தத்தில் வைரஸ் மிக அதிகம், அதைக் குடித்த உண்ணியும் வைரஸைச் சுமக்கும். குரங்கு செத்து உடம்பு குளிர்ந்ததும் அத்தனையும் இறங்கி அங்கேயே சருகில் பரவிவிடும். அவை தோலுரித்து அடுத்த பருவத்துக்குப் போனாலும் வைரஸ் உள்ளேயே இருக்கும்.

கர்நாடகத்தில் குரங்கு செத்த இடத்தைச் சுற்றி மாலத்தியான் என்ற பூச்சிக்கொல்லியைத் தூவுவது இதனால்தான். அந்த மரத்தடியில் ஒரு பையன் பந்து தேடிப் போனாலும், ஓர் அம்மா விறகு பொறுக்கப் போனாலும் கடிபட வாய்ப்பு இருக்கிறது.

செத்த குரங்கைப் பார்த்தா நாங்க என்ன பண்ணணும்? புதைச்சிடலாமா?

நீங்கள் புதைக்கவேண்டாம், எரிக்கவேண்டாம், கம்பால் புரட்டிப் பார்க்கவும் வேண்டாம். கிட்டே போகாமல் இடத்தை அடையாளம் வைத்துக்கொண்டு, வனத்துறைச் சரக அலுவலகத்துக்கோ கால்நடை மருத்துவருக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அன்றைக்கே சொல்லுங்கள். யாருக்குச் சொல்வதென்று தெரியாவிட்டால் 104க்கு அழைத்துக் கேளுங்கள். நாயையும் மாட்டையும் அந்தப் பக்கம் விடாதீர்கள். நம் பக்கத்தில் செத்த குரங்கைச் சாமியாக நினைத்து மாலை போட்டு ஊர்வலமாக எடுத்துப்போய் அடக்கம் செய்யும் வழக்கம் உண்டு. அந்த மரியாதையை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் நோய்ப் பருவத்தில் உடலைத் தொடாமல், தூரத்திலிருந்தே கும்பிட்டுக்கொள்ளுங்கள் என்று கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன்.

சீக்கிரம் சொல்வதில் இன்னொரு லாபம், உடல் அழுகுவதற்குள் மாதிரி எடுத்தால்தான் பரிசோதனை சரியாக வரும். இரண்டு நாள் கழித்துச் சொன்னால், அது எதனால் செத்தது என்று கடைசிவரை தெரியாமல் போகலாம். கையுறையும் பாதுகாப்பு உடையும் இல்லாமல் வனத்துறைத் தற்காலிகப் பணியாளர்களை அந்த உடலைத் தூக்கச் சொல்வதும் தவறு. பந்திப்பூரில் என்ன நடந்தது என்பதை மேலே சொல்லியிருக்கிறேன்.

அப்போ குரங்குங்களையே பிடிச்சு வேற காட்டுல விட்டுட்டா, இல்ல ஒழிச்சுட்டா பிரச்சினை தீர்ந்துதே?

இந்தக் கேள்வி எனக்கு ஒவ்வொரு தடவையும் வருத்தம் தருகிறது, ஆனால் கேட்பவர்கள் கோபத்தில் கேட்பதில்லை, பயத்தில் கேட்கிறார்கள். சொல்கிறேன். வைரஸ் குரங்கில் தங்கியிருப்பதில்லை. நோய் வந்த குரங்கு ஒன்று சாகும், அல்லது பிழைத்து எதிர்ப்புச் சக்தி பெறும். வருடம் முழுக்க வைரஸைத் தாங்கி வைத்திருப்பது உண்ணிகளும் காட்டு எலி, மூஞ்சூறு, அணில் போன்ற சின்ன விலங்குகளும்தான். குரங்கைப் பிடித்து வேறு இடத்தில் விட்டால், அதன் உடம்பிலிருக்கும் உண்ணியையும் சேர்த்துப் புது ஊருக்கு அனுப்புகிறோம். அடித்துக் கொன்றால் முன்பு சொன்னபடி உண்ணி அங்கேயே கொட்டும்.

பிரேசிலில் 2016 முதல் 2018 வரை மஞ்சள் காய்ச்சல் பரவியபோது மக்கள் பயத்தில் குரங்குகளை அடித்தே கொன்றார்கள். அங்கே நோயைப் பரப்பியது கொசு. எந்தக் காட்டில் குரங்கு சாகிறதோ அந்தப் பக்கத்து ஊருக்கு முதலில் தடுப்பூசி போடவேண்டும் என்று சுகாதாரத்துறைக்குக் காட்டிக்கொடுத்ததே அந்தக் குரங்குகள்தான். நம் மந்தியும் அதே வேலையைத்தான் செய்கிறது. அது இல்லாவிட்டால் முதல் எச்சரிக்கை ஒரு மனித உயிராக இருக்கும்.

காய்ச்சல் வந்தா இதுதான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

கடிபட்ட மூன்று முதல் எட்டு நாளில் திடீரென்று குளிரோடு கடும் காய்ச்சல் வரும். நெற்றியைப் பிளக்கும் தலைவலி, கழுத்து, முதுகு, காலில் தாங்கமுடியாத தசைவலி, கண் சிவப்பு, வாந்தி, சிலருக்கு வயிற்றுப்போக்கு. கொஞ்சப் பேருக்கு மூக்கிலோ ஈறிலோ ரத்தம் கசியும். ஒரு வாரம், பத்து நாளில் பெரும்பாலானவர்களுக்கு இறங்கிவிடும். ஆனால் உடம்பு அசதி தீர வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் ஆகும். கூலி வேலை செய்பவர் குடும்பத்துக்கு அந்த மாதங்கள் எவ்வளவு பெரியவை என்று சொல்லத் தேவையில்லை.

ஒரு விஷயத்தை மட்டும் மறக்காதீர்கள். பத்திலிருந்து இருபது சதவீதம் பேருக்கு, காய்ச்சல் விட்டு ஒன்று இரண்டு வாரம் நன்றாக இருந்தபிறகு மறுபடியும் வரும். இந்த இரண்டாம் சுற்றில் மூளையைத் தொடும்: கடும் தலைவலி, கழுத்து விறைப்பு, குழப்பம், கை நடுக்கம், பார்வை மங்கல். முதல் சுற்று முடிந்ததும் “சரியாப்போச்சு” என்று மலைமேல் வேலைக்குத் திரும்பாதீர்கள். இரண்டாம் சுற்றின் அறிகுறி தெரிந்தால் உடனே 108.

பேப்பர்ல “உண்ணிக் காய்ச்சல்”னு போடுறாங்களே, அது இதுதானா?

தமிழ்நாட்டுச் செய்தித்தாள்களில் அந்தப் பெயரில் வருவது பெரும்பாலும் ஸ்க்ரப் டைபஸ். அது பாக்டீரியா நோய், புதர்களில் இருக்கும் ஒரு சிலந்திப்பேன் இனத்தின் குஞ்சு கடிப்பதால் வருகிறது. எலிகளோடு ஒட்டி வாழும் பூச்சி அது. கடித்த இடத்தில் சிகரெட் சுட்டது போன்ற கருத்த பொருக்கு பலருக்கு இருக்கும். தமிழ்நாட்டில் குரங்குக் காய்ச்சலைவிட அதுதான் பல மடங்கு அதிகம். டாக்ஸிசைக்ளின் கொடுத்தால் இரண்டு மூன்று நாளில் காய்ச்சல் இறங்கும், தாமதித்தால் உயிருக்கே ஆபத்து.

எலிக்காய்ச்சல், டெங்கு, மலேரியா எல்லாம்கூட ஆரம்பத்தில் ஒரே மாதிரிதான் தெரியும். மருத்துவரிடம் போனதும் “இரண்டு வாரத்துக்குள் காட்டுக்குப் போயிருந்தேன், அந்தப் பக்கம் குரங்கு செத்தது” என்று நீங்களே சொல்லுங்கள். கேட்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். முதல் சில நாட்களில் ஆர்டிபிசிஆர் பரிசோதனையிலும், அதற்குப் பிறகு ரத்தத்தில் எதிர்ப்பொருளைத் தேடும் பரிசோதனையிலும் குரங்குக் காய்ச்சலை உறுதி செய்ய முடியும்.

இதுக்கு மருந்து இருக்கா? தடுப்பூசி போடலாமா?

வைரஸைக் கொல்லும் தனி மருந்து கிடையாது. நீர்ச்சத்து குறையாமல் பார்த்து, ரத்தக்கசிவைக் கவனித்து, ரத்த அழுத்தத்தைக் காப்பாற்றினால் பெரும்பாலானவர்கள் பிழைத்துவிடுகிறார்கள். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போதும். மருந்துக்கடையில் கேட்டு ஆஸ்பிரினோ புரூஃபனோ டைக்ளோஃபினாக்கோ வாங்கிப் போடாதீர்கள், ரத்தக்கசிவு கூடிவிடும்.

தடுப்பூசி ஒன்று இருந்தது. 1990 முதல் கர்நாடகத்தில் போட்டுவந்தார்கள். ஒரு மாத இடைவெளியில் இரண்டு தவணை, அப்புறம் ஆறிலிருந்து ஒன்பது மாதத்தில் ஊக்கத் தவணை, பிறகு வருடா வருடம். வலியும் அதிகம், தவணையும் அதிகம் என்பதால் பலர் பாதியில் விட்டார்கள். 2005 முதல் 2010 வரையிலான கணக்கில் இரண்டு தவணை போட்டவர்களுக்கு 62 சதவீதம், ஊக்கத் தவணையும் போட்டவர்களுக்கு 83 சதவீதம் அளவுக்குத்தான் பாதுகாப்பு கிடைத்தது. வீரியம் போதவில்லை என்று 2022இல் அதை நிறுத்திவிட்டார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் புதிய தடுப்பூசிக்கான வேலையில் இருக்கிறது. அது கைக்கு வரும்வரை உண்ணிக் கடியைத் தவிர்ப்பதுதான் வழி.

வீட்டுல ஒருத்தருக்கு வந்தா மத்தவங்களுக்கும் வருமா? தனியா படுக்க வைக்கணுமா?

வேண்டியதில்லை. மனிதரிடமிருந்து மனிதருக்கு இது பரவியதாகப் பதிவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து கஞ்சி ஊட்டலாம், தொட்டுத் துடைத்துவிடலாம். ஒரே வீட்டில் இரண்டு மூன்று பேருக்கு வந்தால் அவர்கள் ஒரே காட்டுக்குப் போயிருப்பார்கள், அல்லது உண்ணி வீட்டுக்கே வந்திருக்கும். நோய் வந்த வீட்டை ஒதுக்குவது, அந்த ஊர்ப் பிள்ளைகளைப் பள்ளியில் தனியாக உட்காரவைப்பது எல்லாம் அநியாயம்.

காட்டுக்கே போகாதவங்களுக்கு எப்படி வந்துச்சு?

காடு அவர்கள் வீட்டுக்கு வந்திருக்கும். மாட்டுக்கு மெத்தை போடவும் எருவுக்கும் கூடை கூடையாகச் சருகு அள்ளிவந்து வீட்டோரம் குவிப்போமே, அதில் உண்ணி இருக்கும். சிவமொக்காவில் 2011-12 பருவத்தில் நோய் வந்தவர்களை ஆராய்ந்தபோது, வீட்டு வளாகத்தில் சருகுக் குவியல் வைத்திருப்பது தெளிவான ஆபத்துக் காரணமாக வெளிப்பட்டது. நோய்ப் பருவத்தில் புதுச் சருகு அள்ளாதீர்கள். ஏற்கெனவே இருப்பதை வீட்டிலிருந்தும் பிள்ளைகள் விளையாடும் இடத்திலிருந்தும் தள்ளிவையுங்கள்.

மேய்ந்து வரும் மாடும் காட்டுக்குள் ஓடிவரும் நாயும்கூட உண்ணியைச் சுமந்து வரலாம்.

அப்போ மாட்டுக்கும் இந்த நோய் வருமா? பால் குடிக்கலாமா?

மாடு இதில் நோயாளி ஆவதில்லை, வைரஸைப் பெருக்கித் தருவதாகவும் தெரியவில்லை. பாலால் இந்த நோய் வந்ததற்குச் சான்றில்லை. ஆனாலும் பாலைக் காய்ச்சியே குடியுங்கள், வேறு பல நோய்களுக்காக அது எப்படியும் தேவை.

மாட்டின் பங்கு வேறு. மழைக்காலத்தில் பெரிய உண்ணிகளுக்குச் சோறு போடுவது மாடுதான். வயிறு நிறைந்து உதிரும் ஒவ்வொரு பெண் உண்ணியும் நூற்றுக்கணக்கில், சில சமயம் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். காட்டில் மேயும் மாடு அதிகமானால் அடுத்த பனிக்காலத்தில் உண்ணியும் அதிகம். கால்நடை மருத்துவரைக் கேட்டு மாட்டுக்கு உண்ணி மருந்து போடுவது மாட்டுக்கு மட்டுமில்லாமல் நமக்கும் நல்லது.

காட்டுக்குப் போகாதேன்னு சொல்றாங்க. போகாம நாங்க எப்படிச் சாப்பிடுறது?

நியாயமான கேள்வி. காட்டுநாயக்கர், பணியர், இருளர், குறும்பர் குடும்பங்களுக்குத் தேனும் விறகும் புல்லும் இல்லாமல் நாள் ஓடாது. “போகாதீர்கள்” என்று பலகை வைத்துவிட்டால் கடமை முடிந்தது என்று நினைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. குரங்கு செத்த பகுதியை மட்டும் அந்தப் பருவம் முழுக்க விட்டுவிடுங்கள். அந்த இடத்தை நம்பியிருந்தவர்களுக்கு மாற்று வேலையோ உதவியோ கேட்க ஊராட்சிக்கு உரிமை இருக்கிறது.

மற்ற இடங்களுக்குப் போகும்போது முழுக்கை, முழுக்கால் உடை போடுங்கள். பேண்ட்டின் அடியைக் காலுறைக்குள் செருகுங்கள். லுங்கியும் செருப்புமாகப் போனால் உண்ணிக்கு நேர்வழி. வெளிர்நிற உடையில் ஊர்வது கண்ணில் படும். கர்நாடகத்தில் சுகாதாரத்துறை கொடுக்கும் டெப்பா எண்ணெய் ஒரு பூச்சிவிரட்டி, நாட்டின் பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பின் (டிஆர்டிஓ) ஆய்வகம் உருவாக்கியது. அது போலவோ, டீட் கலந்ததாகவோ பூச்சிவிரட்டி கிடைத்தால் கால், இடுப்பு, கையில் தடவுங்கள். உட்கார்ந்து இளைப்பாறச் சருகுமேல் உட்காராமல் பாறை தேடுங்கள். வீடு திரும்பியதும் உடையை வெந்நீரில் போட்டு, சோப்பால் குளித்து, ஒருவர் முதுகை மற்றவர் பாருங்கள். இதில் ஒன்று இரண்டு விட்டுப்போனாலும் மீதியைச் செய்யுங்கள்.

உண்ணி ஒட்டிக்கிட்டா மண்ணெண்ணெய் விடலாமா? தீக்குச்சியால சுடலாமா?

இரண்டும் வேண்டாம். எரிச்சல் தாங்காத உண்ணி உமிழ்நீரைக் கடிவாய்க்குள்ளேயே விடக்கூடும். நுனி மெல்லிய இடுக்கியால் தோலை ஒட்டி, அதன் வாய்ப்பக்கத்தைப் பிடித்து, திருகாமல் நேராக மெதுவாக இழுங்கள். வயிற்றை அமுக்காதீர்கள். எடுத்ததை விரல் நகத்தில் நசுக்காமல் சோப்புத் தண்ணீரிலோ ஸ்பிரிட்டிலோ போடுங்கள். கடிவாயையும் கையையும் சோப்பால் கழுவிவிட்டு, தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள். இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால் அந்தத் தேதி மருத்துவருக்கு உதவும்.

முதுமலைக்கு டூர் போறோம், பயப்படணுமா?

வண்டியில் சவாரி போய் விடுதிக்குத் திரும்புபவருக்கு ஆபத்து மிகக் குறைவு. வண்டியை நிறுத்தி ஓரப் புதருக்குள் இறங்காதீர்கள், குரங்குக்குத் தீனி போடாதீர்கள். தீனி போட்டுப் பழக்கினால் குரங்குக்கும் ஊருக்கும் இடையில் இருக்கும் கொஞ்சநஞ்ச இடைவெளியும் போய்விடும்.

மலேசியாவுல இருக்கிற என் தம்பி அங்கேயும் குரங்கால காய்ச்சல்னு சொல்றானே?

அவர் சொல்வது குரங்கு மலேரியா. நீள்வால் குரங்குகளிடம் இருக்கும் பிளாஸ்மோடியம் நோலெசி என்ற ஒட்டுண்ணியை அனோஃபிலிஸ் கொசு மனிதனுக்குக் கொண்டுவருகிறது. சரவாக் மாநிலத்தின் காபிட் பகுதியில் பலருக்கு இது இருப்பது 2004இல் வெளியானது. 2018 முதல் மலேசியாவில் உள்ளூரில் பரவும் மனித மலேரியா பதிவாகவில்லை, ஆனால் இந்தக் குரங்கு மலேரியா ஓயவில்லை. தோட்டத்திலோ காட்டோரத்திலோ வேலை செய்பவர் காய்ச்சல் வந்த அன்றே ரத்தப் பரிசோதனை செய்யவேண்டும். 24 மணி நேரத்துக்கு ஒருமுறை பெருகும் ஒட்டுண்ணி அது. நல்லவேளை, மலேரியா மருந்துக்குக் கட்டுப்படும்.

காட்டை அழிச்சதாலதான் இது வந்துச்சுன்னு சிலர் சொல்றாங்க, காடு இருக்கிறதாலதான் வருதுன்னு சிலர் சொல்றாங்க. எது சரி?

தட்சிண கன்னடத்தின் பெல்தங்கடி வட்டத்தில் 1982இல் முந்திரித் தோட்டத்துக்காகக் காட்டை வெட்டினார்கள். அதைத் தொடர்ந்து வந்த பருவத்தில் அங்கே அதுவரை கண்டிராத அளவுக்கு நோய் வெடித்தது. அதுவரை ஆளில்லாத காட்டில் குரங்குக்கும் எலிக்கும் உண்ணிக்கும் நடுவே சுற்றிய வைரஸின் வழியில் கூலியாட்களையும் மாடுகளையும் கொண்டுபோய் நிறுத்திவிட்டோம்.

ஆபத்து அதிகம் இருப்பது அடர்காட்டின் நடுவிலும் இல்லை, காடே இல்லாத ஊரிலும் இல்லை. ஈரப்பசையுள்ள காடும் பாக்கு, காப்பித் தோட்டமும் வயலும் மாட்டுப் பட்டியும் துண்டு துண்டாகக் கலந்து கிடக்கும் நிலத்தில்தான் நோய் அடிக்கடி வருகிறது. கூடலூர், பந்தலூர்ப் பக்கத்தை நினைத்துப் பாருங்கள், அச்சு அசலாக அதே நிலம். இன்னும் ஒரு துண்டு காட்டை வெட்டினால் இந்த ஓரம் இன்னும் நீளும்.

எங்க பக்கம் ஒரு குரங்கு செத்துச்சு, யாருக்கும் ஒண்ணும் ஆகலை. பக்கத்து ஊர்ல குரங்கே சாகலை, ஆனா காய்ச்சல் வந்துச்சு. அப்போ குரங்கை நம்பி என்ன பிரயோஜனம்?

குரங்கு பல காரணத்தால் சாகும்: மின்கம்பி, வாகனம், நாய், விஷம், வயசு. ஒரே ஒரு சாவை வைத்து எதுவும் சொல்ல முடியாது, பரிசோதனை முடிவு வரவேண்டும். ஒரே பகுதியில் சில நாட்களுக்குள் இரண்டு மூன்று சாவு என்றால் முடிவு வரும்வரை காத்திருக்காமல் அங்கே போவதை நிறுத்திவிடுங்கள்.

இரண்டாவதும் நடக்கக்கூடியதுதான். முந்தைய வருடங்களில் நோய் வந்து பிழைத்த குரங்குகள் எதிர்ப்புச் சக்தியோடு இருக்கும், அவை சாகாது. லேண்டானா புதருக்குள் செத்தது யார் கண்ணிலும் படாமலும் போகலாம். ஆகவே குரங்குச் சாவை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தால் போதாது. நோய்ப் பருவத்தில் வெள்ளைத் துணி இழுத்து உண்ணிகளைச் சேகரித்து வைரஸ் இருக்கிறதா என்று ஆய்வகத்தில் பார்க்கவேண்டும், காட்டோர ஊர்களில் வரும் ஒவ்வொரு கடும் காய்ச்சலையும் பரிசோதிக்கவேண்டும். உங்கள் ஊரில் இந்த இரண்டும் நடக்கிறதா என்று டிசம்பர் பிறப்பதற்குள் கிராம சபையில் எழுந்து கேளுங்கள். கேட்டதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதவும் சொல்லுங்கள்.